சத்தமில்லாத மேடு

அத்தியாயம் 11

ரகீப் தன் வாயாலேயே "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்குச் செனாதா வசந்த காலத்தில் தொடங்கி இலை பழுக்கும் வரை சண்டை போட வேண்டியிருந்தது.

சண்டைக்கு மூலம் கூரை. வீடு ஒன்றுதான். கீழே கணவனின் அண்ணன் ரகீப்பும் அவர் மனைவி சும்ராவும். மேலே செனாதா, கணவன் வெஹித், மகள் அல்மாசா. ஏப்ரல் மாதம் ரகீப் கூரையில் சோலார் தகடுகளைப் பரப்பினார். அதோடு வந்த இன்வெர்ட்டர் பெட்டி விடிந்ததும் கத்த ஆரம்பித்துவிடும். மனிதர் காதுக்குக் கேட்காத கத்தல் அது, செனாதாவின் ரேடியோவுக்கு மட்டும் கேட்கும். பதினாறு வயதிலிருந்து சொந்தமாக ஒரு சின்ன ரேடியோ நிலையம் வைத்து உலகம் பூராவும் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, வெயில் இறங்கும்வரை வெறும் இரைச்சல்தான் மிச்சம்.

"உன் பொம்மைக்காக நான் இருட்டுல உட்காரணுமா?" என்றார் ரகீப்.

"உங்க தகட்டுக்காக நான் செவிடாகணுமா, மச்சான்?" என்றாள் செனாதா.

போன வாரம் அது சமையலறை வரை வந்தது. சும்ரா கையிலிருந்த காபிக் கிண்ணம் ஒன்று உடைந்தது. கடைசியில் ரகீப்பே வழி சொன்னார். மலைமேல் பிரெசிக்கில் குடும்ப நிலம் சும்மாதானே கிடக்கிறது? மின்கம்பி கிடையாது, பக்கத்தில் வீடு கிடையாது. அங்கே போய் ஆன்டெனாக் கம்பம் நட்டுக்கொள்ளட்டும்.

செனாதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போஸ்னியாவில் மலை நிலம் என்றதும் யார் வாயிலும் முதலில் வரும் கேள்விதான்.

"அங்க சுத்தமா?"

போர் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். போட்ட கண்ணிவெடிகள் மட்டும் இன்னும் காவலில் நிற்கின்றன. இங்கே பிறந்த குழந்தைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொடுப்பது, தார் ரோட்டை விட்டு இறங்காதே என்பதுதான்.

"சுத்தம்மா, சுத்தம். என் ஆடு மேயுது அங்க. நான் பொய் சொல்வேனா?" என்றார் ரகீப்.

கூரை விஷயத்தில் அவர் எப்படியோ, பொய் சொல்கிறவர் அல்ல என்று செனாதா நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெஹித் காரை ஓட்டினான். பின் சீட்டில் அல்மாசா, மடியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பீத்தா, பக்கத்தில் காபி பிளாஸ்க்.

"அம்மா, ஒரு கம்பம் நடுறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சி? உயரமான இடமாப் பார்த்து நட்டுட வேண்டியதுதானே?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை உயரம் மட்டும் பார்த்து எடுப்பாங்களாடி? அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டாமா?"

"விசாரிச்சிருந்தா நீங்க அப்பாவைக் கட்டியிருக்க மாட்டீங்க. கீழ்வீட்டுல பெரியப்பா இருந்தாரே."

செனாதா விழுந்து விழுந்து சிரித்தாள். வெஹித் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவன் ஒரு மாதிரியாக இருந்தான். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் ஆறு மாதம் இடிபட்டவன், களைப்பாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கடைசி மின்கம்பம் போய் வெகு நேரம் கழித்து ரோடு முடிந்தது. சரளைக் கல்லில் வண்டி நின்றது. எதிரே சரிவான புல்வெளி, அதற்கு மேலே பழைய பிளம் தோட்டம், அதற்கும் மேலே வானம். செனாதா கீழே இறங்கி, மூச்சை நிறைய இழுத்துவிட்டாள்.

"எல்லாரும் செல்போனை அணைங்க. வண்டிச் சாவியையும் எடுத்துடு வெஹித். அல்மாசா, உன் கைக்கடிகாரம் கூடச் சத்தம் போடும்."

"நான் மூச்சு விடலாமா?"

"அளவா விடு."

இடம் பார்ப்பது என்றால் செனாதாவுக்குக் கண்ணால் பார்ப்பது அல்ல. கழுத்தில் சின்ன ரேடியோ, இரண்டு காதையும் இறுக்க மூடும் ஹெட்போன், கையில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு கம்பி. கண் மீட்டர் முள்ளைவிட்டு அகலாது. எந்தப் பக்கம் போனால் இரைச்சல் குறைகிறதோ அந்தப் பக்கம் கால் போகும். ரேடியோ கிளப்பில் எல்லாரும் அப்படித்தான் இடம் தேடுவார்கள்.

ஹெட்போனை மாட்டிய உடனே அவள் முகம் மாறியது.

டிக். டிக். டிக்.

சொட்டுச் சொட்டாக, நிற்காமல் ஒரு தட்டல். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். புல்வெளியின் மேல் ஓரத்தில், பிளம் தோட்டத்துக்குக் கீழே, இரண்டு வரிசைக் கம்பி ஓடியது. ஆடு மாடு தாண்டாமல் இருக்கப் போடும் மின்வேலி. அடிக்கடி ஒரு சின்ன அதிர்ச்சியை அனுப்பிக்கொண்டே இருக்கும் சாதனம். ரேடியோக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பகையாளி கிடையாது.

"இது யாரோடது?"

"அண்ணன் போட்டது" என்றான் வெஹித். "ஆடு மேல போகாம இருக்க."

"மேல போனா என்னவாம்?"

"பழத்தைத் தின்னுடும்."

"வீட்டுல கூரை, இங்க வேலி! நான் நிலாவுக்கே போனாலும் உங்க அண்ணன் அங்கயும் ஒரு பெட்டியை மாட்டி வச்சிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாரு."

வேலியின் பேட்டரி ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அணைத்துவிடலாம் என்று போனால் பெட்டியில் கனமான பூட்டு தொங்கியது. ஆட்டு வேலிக்குப் பூட்டா என்று அவள் முணுமுணுத்தாள்.

"இங்கயே கீழ நட்டுக்கலாம் செனாதா. வேலியை அணைக்கச் சொன்னா அணைச்சிடுவாரு."

"கூரையை அணைச்சாரா?"

செனாதா குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேலியோட சத்தம் எதுவரைக்கும் வருதுன்னு பார்த்துட்டு வந்துடறேன். மேல மரத்துக்குப் பின்னாடி வராதுன்னு நினைக்கிறேன்."

"மேல எதுக்கு? புல்லெல்லாம் ஒரே ஈரம்."

"நனைஞ்சா கரைஞ்சா போயிடுவேன்?"

காய்ந்த குச்சியால் கீழ்க்கம்பியைத் தூக்கிப் பிடித்து, குனிந்து அந்தப் பக்கம் போனாள். வெஹித் ஏதோ சொன்னான். ஹெட்போனுக்குள் அது கேட்கவில்லை.

டிக். டிக். பத்தடி ஏறியதும் முள் கொஞ்சம் இறங்கியது. புல் முட்டியைத் தொட்டது, பிறகு இடுப்பை. முதல் மரத்தைத் தாண்டியபோது தட்டல் பாதியாகிவிட்டது. இரண்டாவது மரம், மூன்றாவது மரம். முள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

அப்புறம் அந்த அமைதி வந்தது. இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று. வானம் மொத்தமும் காதருகே வந்து நிற்பது போல இருந்தது. அதற்குள்ளிருந்து, ரொம்பத் தூரத்தில், நூலைப் போல மெல்லிய மோர்ஸ் தந்தி ஓசை. எழுத்தெழுத்தாகப் படித்தாள். நியூசிலாந்து! உலகத்தின் அந்தக் கடைசியில் யாரோ ஒருவர் மாலை வணக்கம் தட்டிக்கொண்டிருந்தார்.

செனாதாவுக்கு அழுகை வந்துவிட்டது. இங்கேதான், இதே இடத்தில்தான் கம்பம் என்று முடிவே செய்துவிட்டாள்.

இடம் கிடைத்ததும் அடுத்த வேலை, சுற்றுவட்டத்தில் பழைய கம்பி ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பது. துருப்பிடித்த வேலித் துண்டோ, அறுந்த தொலைபேசிக் கம்பியோ பக்கத்தில் இருந்தால் எங்கோ இருக்கும் இரைச்சலை எல்லாம் வாங்கி ஆன்டெனாவுக்குக் கொடுத்துவிடும். புல்லை விலக்கினாள். நினைத்தது போலவே கணுக்கால் உயரத்தில் ஒரு மெல்லிய கம்பி, இந்த மரத்துப் பக்கமிருந்து அந்த மரத்துப் பக்கம் போனது.

எனக்கு முன்னாடி யாரோ இங்கே ஆன்டெனா கட்டியிருக்கிறார்கள் போல, என்று நினைத்தாள். குனிந்து, அதைப் பிடித்துத் தூக்கக் கையை நீட்டினாள்.

விரல் கம்பியைத் தொடும் நேரத்தில்தான் கம்பி எங்கே போய் முடிகிறது என்று கண் பார்த்தது. மரத்தடியில் மண்ணில் அறைந்து, சாய்ந்துபோன ஒரு மரமுளை. முளையின் தலையில் பச்சை வண்ணம் உரிந்த, கைப்பிடி அளவு இரும்புக் கட்டி, மேலெல்லாம் வரிவரியாக வெட்டு. மகளின் பள்ளிக்கூடச் சுவரில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்.

கையை இழுக்கவும் பயம். நீட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, மூச்சு பட்டால் கூட வெடித்துவிடுமோ என்று பயந்து, மெதுவாக நிமிர்ந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

காலடியில் பிளம் பழங்கள். இந்த வருடத்துப் பழம், அதற்குக் கீழே போன வருடத்துக் கொட்டை, அதற்கும் கீழே கறுத்து மண்ணாகிப் போனவை. ஒரு பழத்தையும் யாரும் பொறுக்கவில்லை. இந்த ஊரில் எந்தக் குடும்பம் பிளம் பழத்தை அழுக விடும்? பாகு காய்ச்சுவார்கள், உலர்த்துவார்கள், சாராயம் இறக்குவார்கள். இவ்வளவு பெரிய தோட்டம் சொந்தமாக இருந்தும் சும்ரா அக்கா ஒவ்வொரு வருடமும் சந்தையில் போய்க் கூடை கூடையாகப் பழம் வாங்குவாள்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூடவே போய்க் கூடை தூக்கியவள் செனாதா. ஏன் என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். பின்னால் புல் சரசரவென்று விலகும் ஓசை.

"அம்மா, எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! அப்பா சிகரெட் பிடிக்கப் போயிட்டாரு, காபி ஆறிடும்…"

"நில்லு!"

அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது. அல்மாசா ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். இரண்டு மரம் தள்ளி, கையில் காபிக் கிண்ணம்.

"காலை எங்கிருந்து எடுத்தியோ அங்கயே வை. அதே இடம். பார்த்து வை. அசையாதே."

"அம்மா, என்ன…"

"வெடி இருக்கு."

அல்மாசா காலை வைத்தாள். கிண்ணத்திலிருந்த காபி மொத்தமும் அவள் கைமேல் கொட்டியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. இந்த மண்ணில் வளர்ந்த பெண், வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மலையில் கூப்பிட்டுக்கொள்ள அம்மா கொடுத்திருந்த வாக்கி-டாக்கி இடுப்பில் இருந்தது, அவள் கை அதற்குப் போனது. "அப்பாவைக் கூப்பிடறேன்."

"தொடாதே! அதை அணைச்சிரு. பேசற பட்டனை மட்டும் அழுத்தாதே."

கிளப் கட்டடத்துக்குப் பின்னால் வெடி எடுத்தபோது மாதக்கணக்கில் நிலையத்தையே மூடி வைத்திருந்தார்கள். சில வகை வெடிகள் ரேடியோ அலைக்கே வெடித்துவிடும் என்று அப்போது சொன்னார்கள். இது அந்த வகையா என்று செனாதாவுக்குத் தெரியாது. முப்பது வருடமாக உலகத்தையே கூப்பிட்டவளுக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கணவனைக் கூப்பிட ரேடியோ உதவவில்லை. கத்தினாள்.

வெஹித் ஓடி வந்தான். மரங்களின் இடைவெளியில் அவன் தெரிந்தான். வேலி வரை வந்தவன், சுவரில் மோதியது போல நின்றான்.

"வராதே! உள்ள வெடி இருக்கு!" என்று செனாதா கத்தினாள். "போன் இங்க வேண்டாம், கீழ போய் வெடி எடுக்கிறவங்களைக் கூட்டிட்டு வா!"

அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எதையும் கேட்காமல் திரும்பிக் காருக்கு ஓடினான். வண்டி கிளம்பிப் போன ஓசை அடங்கியதும் மலை மறுபடி அமைதியானது. சற்று முன் அழ வைத்த அதே அமைதிதான். இப்போது அதைக் கேட்கவே அவளுக்குக் குலை நடுங்கியது.

காத்திருந்தார்கள். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

"அம்மா, கால் நடுங்குது."

"நடுங்கட்டும். இடம் மாத்தாதே."

"உங்க கால்?"

"எனக்கும்தான்."

கொஞ்ச நேரம் கழித்து அல்மாசா சொன்னாள்: "அம்மா, எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது."

"நின்ன இடத்துலயே போ."

"ஐயோ, யாராவது வந்துட்டா?"

"வர்ற ஒரே ஆள் வெடி எடுக்கிறவன். அவன் தரையைத்தான் பார்ப்பான்."

அல்மாசா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது. இரண்டு மரம் தள்ளி நிற்கும் மகளைப் போய்க் கட்டிக்கொள்ள முடியாமல் செனாதா தன் கையைத் தானே இறுக்கிக்கொண்டாள். தனக்கு ஒன்று ஆகட்டும், அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நொடியே, தனக்கு வெடித்தால் அவளையும் சேர்த்துத்தான் என்பது உறைத்தது. அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மதியம் தாண்டித்தான் வண்டிகள் வந்தன. சிவில் பாதுகாப்புத் துறையின் ஜயிம் என்பவர், நரைத்த மீசைக்காரர், தடித்த அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வேலியருகே வந்தார். அவருக்குப் பின்னால் வெஹித். அவனுக்கும் பின்னால் ரகீப், தலையில் தொப்பிகூட இல்லாமல்.

"முதல்ல இந்த வேலியை அணைங்க. யாரோடது?"

ரகீப் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து வேலியை அணைத்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் ஜயிம்.

 ரகீப்தான் பேசினார். மேலே நின்ற இருவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"முளை வெடி. எல்லாம் ஒரே வகை. மரத்துக்கு மரம் கம்பி."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் வச்சேன். சண்டைக் கோடு இந்தத் தோட்டம் வழியாத்தான் போச்சு. எனக்கு உத்தரவு வந்தது, எங்க அப்பாவோட மரத்துலயே கட்டினேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "சண்டை முடிஞ்சதும் நானே வந்து எடுத்தேன். ரெண்டு மட்டும் கிடைக்கல. புல்லு மூடிடுச்சு."

"யாருக்கும் சொல்லல?"

"சொன்னா நிலத்தைச் சிவப்புக் கோடு போட்டு மூடிடுவீங்க. அதான் வேலி போட்டேன். ஒருத்தரும் உள்ள போகக்கூடாதுன்னுதான் பூட்டும் போட்டேன்." ரகீப் மேலே பார்த்துக் கத்தினார்: "ஏம்மா செனாதா, நீ ரோட்டோரமா நடுவேன்னுதானேம்மா நினைச்சேன்! நீ வேலியைத் தாண்டுவேன்னு யாரும்மா நினைச்சா!"

அவளைப் போகாதே என்று தடுத்துக்கொண்டிருந்த ஒரே சத்தம் அந்த டிக் டிக்தான். அதிலிருந்து தப்பிக்கத்தானே அவள் இவ்வளவு தூரம் ஏறி வந்தாள்! 

ஜயிம் அவசரப்படவில்லை. வெடி காட்டும் கருவியைத் தரையோடு ஆட்டி, முழங்காலிட்டு மெல்லிய கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்து, வெள்ளை நாடா விரித்துக்கொண்டே வந்தார். முதலில் அல்மாசா. அவர் அவளிடம் வந்து சேர்வதற்குள் செனாதாவுக்கு வயதாகிவிட்டது. மகள் நாடா மேல் ஒவ்வொரு அடியாக இறங்கி, வேலியைத் தாண்டி, புல்வெளியில் தொப்பென்று உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் தன் கால்கள் மரத்துப் போனதே தெரிந்தது.

"அம்மா, இப்ப உங்க முறை" என்றார் ஜயிம், பக்கத்தில் வந்து. "கம்பியை ஆட்டினீங்களா?"

"தொட இருந்தேன்."

அவர் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திரும்பிப் பார்க்காதீங்க. என் காலடியை மட்டும் பாருங்க."

சரளைக் கல்லைத் தொட்டதும் அல்மாசா வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கி நின்றார்கள். ரகீப் அருகில் வர முயன்றார். செனாதா கையை உயர்த்தினாள், அவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மேல் கோபப்படக்கூட அவளுக்கு இப்போது நேரமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெஹித்தை.

"செனாதா…" என்று அவன் அருகில் வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீ வேலிகிட்ட நின்னுட்டே."

"என்ன?"

"நான் வெடின்னு சொல்றதுக்கு முன்னாடியே நின்னுட்டே. எப்படித் தெரியும்?"

வெஹித் அண்ணனைப் பார்த்தான். ரகீப் தரையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு அண்ணன் சொன்னாரு" என்றான் கடைசியில். "இருபது வருஷமா அதைத்தான் சொன்னாரு. நம்பினேன். மேல போகாதேன்னு உன்கிட்டச் சொன்னேனே!"

"ஈரமா இருக்குன்னு சொன்னே."

 அல்மாசாவின் கை அம்மாவின் முதுகில் இறுகியது.

"வைக்கும்போது நீயும் கூட இருந்தியா?"

அவன் தலையாட்டினான். அது ஆம்தான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சந்தைப் பிளம் பாகை அவள் ஊட்ட, அவன் தின்றிருக்கிறான்.

ஜயிம் முகமூடியைக் கழற்றியபடி வந்தார். "மேல இருக்கிறது ஒண்ணு. ரெண்டுன்னு சொன்னீங்க. இன்னொண்ணு எங்க?"

ரகீப் கையை விரித்தார். "மறந்துட்டேன். சத்தியமா. சண்டைக் கோடு கீழ ரோடு வரைக்கும் வந்தது."

எல்லாரும் தாங்கள் நிற்கும் தரையைக் குனிந்து பார்த்தார்கள். அல்மாசா சற்று முன் உட்கார்ந்திருந்த புல்வெளி, காலையில் வெஹித் சிகரெட் பிடித்தபடி நடந்த ஓரம், எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான்.

"யாரும் சரளையை விட்டு இறங்காதீங்க" என்றார் ஜயிம். "நாளைக்குக் காலையில ரெண்டு அண்ணன் தம்பியும் அலுவலகத்துக்கு வரணும்."

செனாதா மகளை ஜயிமின் வண்டியில் ஏற்றினாள். ஏறும் முன் திரும்பி, கணவனிடம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"வெஹித், இன்னொண்ணு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அல்மாசா மேல ஆணையா தெரியாது, செனாதா."

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அது உண்மைதானா என்று கண்டுபிடிக்க இனி அவளிடம் வழி ஏதும் இல்லை. வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.